ஒரே துண்டு, இரண்டு விலை

பேரணாம்பட்டில் தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று போயிருந்த சவுரியம்மாள் திரும்பி வந்தபோது தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தேவசகாயத்தின் வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்த மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"கொழுந்தனாரே, நம்ம பட்டை ஒரு கட்டு இன்னா வெல?"

தேவசகாயம் பட்டை உரிக்கும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். "இன்னா அண்ணி, தெரியாத மாரி கேக்கறீங்க. ரெண்டு படி கேவுரு."

"அங்க ஆறு படி."

கத்தி நின்றது.

"எவனோ சொன்னதக் கேட்டுகினு வந்து..."

"எவனும் சொல்லல. என் தங்கச்சி புருசன் பத்துக் கட்டு போட்டாரு, அறுவது படி அளந்து வாங்கினு வந்தாரு. சாக்கு வாயப் புடிச்சவளே நான்தான். தரகர் யாரு தெரியுமா? நம்ம மக்பூல் பாய். அதே பச்சக் கர துண்டு."

சொல்லி முடித்தும் அவள் போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேதி சொல்ல வந்தவள் பார்க்கிற பார்வை இல்லை அது. திருட்டு மாட்டை ஓட்டி வந்தவனைச் சந்தையில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம். கடலுக்கு அப்பால் எங்கோ சண்டை நடந்தது. இங்கே ஆம்பூர்ச் சந்தையில் வெள்ளி ரூபாய் காணாமல் போயிருந்தது. வைத்திருந்தவன் மண்ணில் புதைத்தான். சர்க்கார் புதிதாக விட்ட ஒரு ரூபாய்க் காகிதத்தை ஒருத்தனும் தொடவில்லை. மழையில் நனைந்தால் அது ரூபாயா கஞ்சியா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆகவே பட்டைக்குக் கேழ்வரகு, கேழ்வரகுக்குப் பட்டை. மலையடிவாரத்துச் சனங்கள் ஆவாரஞ்செடியை வெட்டிப் பட்டை உரித்துக் கட்டு கட்டி வண்டியில் கொண்டுவருவார்கள். பாலாற்றங்கரையில் அந்தப் பட்டையால் தோல் பதனிடும் கிடங்குக்காரர்கள் ரயிலில் வந்த கேழ்வரகு மூட்டைகளோடு நிற்பார்கள். பட்டை இல்லையென்றால் குழியில் கிடக்கும் தோல் அழுகும். கேழ்வரகு இல்லையென்றால் அடிவாரத்தில் அடுப்பு எரியாது.

விலை பேசுவது துண்டுக்கடியில். தரகர் மக்பூல் அகமது நடுவில் உட்காருவார். ஒரு பக்கம் கிடங்குக்காரர்கள் எல்லாருக்குமாகக் கவுஸ் பாஷா. இன்னொரு பக்கம் அடிவாரத்துக்காரர்கள் எல்லாருக்குமாகத் தேவசகாயம். துண்டை விரித்து மூன்று பேர் கையையும் மூடிவிடுவார் மக்பூல். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு படி. பாதி விரல் அரைப் படி. பேச்சு கிடையாது, முகத்தில் ஓர் அசைவும் கிடையாது. பிறகு மக்பூலின் ஆள் வண்டி வண்டியாகப் போய், இந்த விலைக்கு எத்தனை கட்டு அவிழ்ப்பாய், எத்தனை கட்டு எடுப்பாய் என்று இரண்டு பக்கமும் கேட்டு வருவான். பட்டை மிஞ்சும் என்றால் விலை இறங்கும். பட்டை போதாது என்றால் ஏறும். இரண்டு பக்கமும் மிச்சமில்லாமல் பொருந்துகிற இடத்தில் மக்பூல் துண்டை உருவி எடுத்து விலையைக் கூவுவார். அன்றைக்கு அதுதான் எல்லாருக்கும் விலை. ஒரு சந்தைக்கு வழக்கமாகப் போகிற பட்டை இன்னொரு சந்தைத் துண்டுக்குப் போகக்கூடாது என்பதும் கட்டுப்பாடு. போனால் வண்டியைத் திருப்பி விடுவார்கள்.

துண்டுக்கடியில் மூன்று கை. அங்கே நடப்பது வேறு யாருக்கும் தெரியாது. சவுரியம்மாளின் சேதி அடிவாரம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, தேவசகாயம் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பட்டைக்காரர்களுக்குத் தலைவனாக ஏழு வருஷம் இருந்தவன். அவன் தோளில் கை போடாமல் பேசாத ஆட்கள், எட்ட நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கவுஸ் பாஷா பணக்காரன், அவன் விலையை அமுக்குவான், அது அவன் குணம். மக்பூல் தரகன். மூன்றாவது கை நம்முடையது. அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது?

தேவசகாயத்துக்கும் அதே கேள்விதான். தன் கை ஒன்றும் செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் மக்பூல்தான். வேறு வழியில்லை. மக்பூலின் மோசத்தை நிரூபித்துக் காட்டினால் தன் பெயர் மிஞ்சும். காட்டாவிட்டால் அடிவாரத்தில் அவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வியாழக்கிழமை பேரணாம்பட்டுச் சந்தை. தலையில் துண்டைச் சுற்றி முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு போனான். சாக்குக்குள் ஒரு படி இருந்தது, அவன் வீட்டுப் படி. முதலில் அளவில்தான் மோசம் இருக்கும் என்று நினைத்தான். ஒரு கிழவியிடம் பேச்சுக் கொடுத்து, அவள் வாங்கிய கேழ்வரகைத் தன் படியில் அளந்து பார்த்தான். தலை தட்டிச் சரியாக இருந்தது. பட்டையை முகர்ந்தான், ஒடித்தான். அதே ஆவாரம், அதே தடிப்பு. வண்டிகளைப் பார்த்தான். ஆம்பூருக்கு வருகிற அளவுதான். ஊருக்குள் விசாரித்தான். கிடங்குகளும் ஏறக்குறைய அத்தனைதான், கேழ்வரகும் அதே ரயிலில் வருகிறதுதான்.

எல்லாம் சரியாக இருக்க இருக்க அவனுக்குச் சந்தேகம்தான் கூடியது. இவ்வளவு சுத்தமாக இருந்தால் யாரோ கழுவித் துடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு விஷயம் மட்டும் வேறாக இருந்தது. இங்கே பாதி வண்டிகள் கட்டு அவிழ்க்காமலே நின்றன. பொம்பளைகள் விற்காத பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டிய கேழ்வரகு வந்துவிட்டது, மிச்சப் பட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பானையில் தோலை ஊறப் போட்டுப் பதப்படுத்தி, கிணறு இறைக்கிற கவலைச் சால் தைப்போம் என்றார்கள். ஆற்றோரம் நடந்து பார்த்தபோது கிடங்குகளில் பாதிக் குழிகள் காய்ந்து கிடந்தன. ஒன்றில் நாய் குட்டி போட்டிருந்தது.

மக்பூல் ஒரு வண்டி நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"அரே தேவசகாயம்! உளவு பாக்க வந்தியா? துண்டு கட்டினா அந்த மூக்கு மறைஞ்சிடுமா? வா, ரொட்டி துன்னு."

"ரொட்டி வாணாம் பாய். ஒண்ணு கேக்கறேன், நிஜம் சொல்லு. கவுஸ் பாஷா உனக்கு எவ்ளோ குடுத்தான்?"

மக்பூலின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. 

"தோஸ்த்துன்னு நெனச்சேன். சரி, கேட்டுட்ட. இப்ப நான் கேக்கறேன். அங்க ரெண்டு படியில பட்டை மிஞ்சிச்சா?"

"இல்ல."

"இங்க ஆறுல இன்னிக்கி அவுத்த கட்டு எதுனாச்சும் மிஞ்சிச்சா? எடுக்க வந்தவன் எவனாச்சும் வெறுங்கையோட போனானா?"

"இல்ல."

"அப்பறம் எதுடா பொய் வெல? மிச்சம் வுழாத எடத்துல துண்ட உருவறதுதான் என் வேல. ரெண்டு எடத்துலயும் வுழல."

"ஒரே சரக்கு, ஒரே மாரி சனம். ரெண்டு வெல எப்பிடி பாய் நிஜமாவும்?"

"எனக்கு இன்னா தெரியும்? போன வாரம் எங்க வுட்டனோ அங்கதான் மொத விரல வெப்பேன். அது அங்கயே குந்திக்குது. இங்க மூணு வருசம் முந்தி வெள்ளம் வந்து வண்டி வரல. பட்டை கம்மி, வெல ஏறிச்சு. வெள்ளம் வடிஞ்சி எல்லா வண்டியும் வந்துச்சு. எறங்கல. வவுறு ரொம்பினவ எதுக்குக் கட்ட அவுப்பா? பாதிக் குழி காலியா இருக்கறவன் பாதி ஆளுக்குத்தான் கூலி குடுக்கறான், மிஞ்சின கூலிக் கேவுரு கையில நிக்குது, கட்டுக்கு ஆறு அளக்கறான். உன் ஊர்ல தலகீழ. ரெண்டு படிதான் வருதுன்னா, புள்ளைங்க துன்னணுமேன்னு கூரைக்கடியில இருக்கற கடைசிக் கட்டு வரைக்கும் இழுத்துகினு வர்றாளுங்க. அவ்ளோ பட்டை வந்தா எங்க ஏறும்?"

"ஆம்பூர்ல மொத விரல ரெண்டுல வெச்சது யாரு?"

மக்பூல் கையைத் துடைத்தார். "அது உனக்கு முந்தி. மலயில ஆவாரம் தழச்சிக் கெடந்த வருசம், பட்டை மல மாரி குவிஞ்சி கெடந்துச்சு. உங்க அண்ணன் கை துண்டுக்கடியில இருந்துச்சு."

அண்ணன் என்றால் சவுரியம்மாளின் புருஷன். செத்து ஏழு வருஷம் ஆகிறது.

தேவசகாயம் நம்பவில்லை. செத்தவனைச் சாட்சிக்கு இழுக்கிறவன் எதையும் சொல்வான். இவ்வளவு சரளமாகப் பதில் வருகிறதென்றால் பதில் முன்னாடியே தயாராக இருந்திருக்கிறது. ஆனாலும் திரும்பி நடக்கும்போது அந்தக் காய்ந்த குழிகளும், கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்ற பொம்பளைகளும் மண்டையை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை ஆம்பூர்ச் சந்தையில் வழக்கத்தைவிடக் கூட்டம். துண்டைச் சுற்றி ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தேவசகாயம் எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"இன்னிக்கி மொத விரல் ஆறுல."

கவுஸ் பாஷா சிரித்துவிட்டார். "ஆறா? பித்தம் தலைக்கு ஏறிடுச்சா? இத்தினி நாள் ரெண்டுல எடுத்தேன், நானும் பொழச்சேன், நீயும் பொழச்ச."

"பேரணாம்பட்டுல ஆறு மொதலாளி."

"அங்க போயி வித்துக்கோ."

"அங்க எங்க வண்டிய வுடமாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

கூச்சல் எழுந்தது. கல் ஒன்று எங்கிருந்தோ வந்து விழுந்தது. கடைசியில் கவுஸ் பாஷாவே கையைத் தூக்கினார். "வாணாம்பா, பேஜார் வாணாம். நடுவுல வெப்போம். நாலு. உனக்கு ரெண்டு ஜாஸ்தி, எனக்கு ரெண்டு கம்மி. இன்னா?"

நடு என்றதும் சந்தை அடங்கியது. பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். பங்காளிச் சண்டையில் நிலத்தைப் பாதியாக வெட்டிப் பழகிய சனம். நடுவில் வைத்தால் அது நிற்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். தேவசகாயமும்தான். மக்பூல் மட்டும் தலையை ஆட்டாமல் துண்டை விரித்தார்.

நான்கு விரல். ஆள் போய்க் கேட்டு வந்தான். பட்டைக்காரர்கள் அவிழ்ப்பதும் கிடங்குக்காரர்கள் எடுப்பதும் கிட்டத்தட்டச் சரியாக வந்தன. மக்பூலின் கை துண்டின் நுனியைப் பிடித்தது. உருவ வேண்டியதுதான் பாக்கி.

"ஒரு வண்டி சொல்லல," என்றான் ஆள்.

சவுரியம்மாள் தன் வண்டியின் மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை.

"யம்மா, எத்தினி கட்டு?"

"ஒண்ணும் இல்ல. மூணு பேரும் மொதல்லயே பேசி வெச்சிகினு வந்த நாலு இது. ஆறு இருக்குதுன்னு தெரிஞ்சி போச்சி, வாயில நாலு போட்டு அடைக்கறாங்க. எனுக்கு நம்பிக்கை இல்ல. நான் அவுக்கமாட்டேன்."

ஒரு வண்டிதான். ஆனால் அந்த ஒரு வண்டி குறைந்தது. கடைசியில் நின்ற ஒரு கிடங்குக்காரன், என் குழிக்குப் பட்டை போதாது, அரைப் படி சேர்த்துத் தருகிறேன் என்று குரல் கொடுத்தான். துண்டுக்கடியில் தேவசகாயத்தின் விரலை மக்பூலின் விரல் பாதி பிடித்தது. நாலரை.

நாலரை என்று கேட்டதும் அடுத்த வண்டிப் பொம்பளை யோசித்தாள். வாரத்துக்கு வேண்டிய கேழ்வரகுக்கு இனி இத்தனை கட்டு வேண்டாமே. அவிழ்த்த இரண்டு கட்டைத் திரும்பக் கட்டினாள். பக்கத்து வண்டியும் கட்டியது. பட்டை இன்னும் குறைந்தது. ஐந்து. இன்னும் கட்டினார்கள். ஐந்தரை.  கவுஸ் பாஷாவின் விரல் பின்வாங்கிப் பார்த்தது, முடியவில்லை. அவர் பின்னால் நின்ற கிடங்குக்காரர்களே முந்திக்கொண்டு ஏற்றினார்கள். தேவசகாயம் மக்பூலின் விரலைக் கவனித்துக்கொண்டே இருந்தான். எங்கேயாவது தானாக ஓர் அழுத்தம் வருகிறதா, ஒரு சைகை இருக்கிறதா என்று. இல்லை. அந்த விரல் கேட்டதைச் சொன்னது, அவ்வளவுதான். தன் கையும் சும்மா கிடந்தது. விலையை யாரும் தள்ளவில்லை. அது போய்க்கொண்டிருந்தது.

ஐந்து விரலும் பிடித்து, மறுபடி கட்டைவிரல். ஆறு. அங்கே நின்றது. கிடங்குக்காரர்கள் பாதிக் குழியைக் காயப் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அதற்குமேல் அவர்களுக்குப் பட்டை வேண்டாம். ஆள் சுற்றி வந்தான். அவிழ்த்தது எடுத்தது சரி. மிச்சம் இல்லை.

மக்பூல் துண்டை உருவினார். "ஆறு படி!"

கவுஸ் பாஷா எழுந்து வேட்டியைத் தட்டினார். தேவசகாயத்தின் காதருகே குனிந்தார். "நீயும் உங்க அண்ணியும் நல்லாத்தான் நாடகம் ஆடறீங்க. ஞாபகம் வெச்சிக்கறேன்."

அடிவாரத்துக்காரர்கள் விசில் அடித்தார்கள். தேவசகாயம் சிரித்தான். இனி யாரும் தன்னைப் பார்த்து விலகி நிற்க மாட்டார்கள் என்று நினைத்தான். அந்தச் சிரிப்பு கேழ்வரகு அளந்து முடிகிற வரைக்கும்தான் இருந்தது.

சவுரியம்மாள் கடைசியில் கொஞ்சம் கட்டுகளை அவிழ்த்து விற்றாள். சாக்கு வாயைக் கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"கேட்டதும் குடுத்துட்டாங்க."

முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு நான் அவுக்கமாட்டேன்னேன். ஆறு வந்துச்சு. அப்போ இத்தினி வருசமும் ஆறு அங்கதான் இருந்துச்சு. துண்டுக்கடியில இருந்தவருக்குத் தெரியாதா?"

தேவசகாயம் ஓர் அடி முன்னால் வந்தான். என்ன சொல்வது? ஆறு எப்போதும் இருந்தது, இரண்டும் எப்போதும் இருந்தது, நாலில்தான் நிற்காது என்றா? கேட்கிறவனுக்கு அது பித்தலாட்டமாகத்தான் படும். மக்பூல் வண்டி நிழலில் சொன்னபோது தனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்போது ஆற்றங்கரைப் பக்கமிருந்து ராயப்பன் வந்தான், சவுரியம்மாளின் தம்பி. கவுஸ் பாஷாவின் கிடங்கில் குழியில் இறங்கித் தோல் மிதிக்கிறவன். முழங்கால் வரைக்கும் பட்டைச் சாயம் காய்ந்திருந்தது.

"அக்கா, பாதிக் குழிய மூடிட்டாங்க. நாளைலேர்ந்து வர வாணாம்னுட்டாங்க. எங்க வரிசையே மொத்தமா வெளிய."

"பாத்தீங்களா!" சவுரியம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "பழி வாங்கறான் கவுஸ் பாஷா. ஆறு குடுத்த மாரி குடுத்து, என் தம்பி சோத்துல கைய வெச்சிட்டான்."

"பழி இல்ல அண்ணி," என்றான் தேவசகாயம். "பட்டை கம்மியா எடுத்தா குழி கம்மி, ஆளும் கம்மி. பேரணாம்பட்டுலயும் பாதிக் குழி காஞ்சிதான் கெடக்குது, என் கண்ணால பாத்தேன்."

அவள் மெல்லத் திரும்பினாள். "அதுவும் தெரிஞ்சிதான் இருந்துச்சா உனுக்கு?"

நீங்க போய் நீ வந்துவிட்டது. அவன் அதைக் கவனித்தான். கவனித்த கோபத்தில்தான் அடுத்ததைச் சொன்னான்.

"ரெண்டுல வெச்சது நான் இல்ல. அண்ணன். நான் வர்றதுக்கு முந்தியே அது ரெண்டுலதான் நின்னுச்சு. மக்பூல் பாயக் கேட்டுப் பாரு."



"செத்தவன் வாயில மண்ணு. எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான்னு தெரிஞ்சி பேசற," என்றாள் சவுரியம்மாள். "சாட்சிக்கு யாரக் கூப்புடறான் பாருங்க. துண்டுக்காரனையே."

அதோடு முடிந்தது. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் துண்டுக்கடியில் இன்னொரு பட்டைக்காரன் சின்னப்பனின் கை போகும் என்று பேசிக்கொண்டு வண்டிகளைக் கட்டினார்கள். தேவசகாயத்திடம் கேட்கக்கூட இல்லை. மக்பூல் தூரத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கூட்டு என்றிருப்பார்கள். அது தெரிந்துதான் அவர் வரவில்லை என்று தேவசகாயத்தால் நினைக்க முடிந்தது. வேறு மாதிரியும் நினைக்க முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவனும் மற்றவர்களைப் போல வண்டியோடு வந்து வரிசையில் நின்றான். துண்டு விரிந்தது. சின்னப்பன் புது வேட்டி கட்டியிருந்தான். மூன்று கைகளும் பச்சைக் கரைக்குக் கீழே போயின. துணி மட்டும் லேசாக மேடும் பள்ளமுமாக அசைந்தது.

ஆள் வண்டியருகே வந்தான். "ஆறு படிக்கு எத்தினி கட்டு?"

தேவசகாயம் சொன்னான். வீட்டில் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்தக் கணக்குக்குத்தான் சொன்னான், மற்றவர்கள் சொன்னதைப் போல. மிச்சம் விழாது, ஆறில்தான் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சந்தையில் அதை அவ்வளவு உறுதியாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அவனும் மக்பூலும்.

துணி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறதோ என்று பட்டது. மக்பூல் தலையைத் தூக்கி ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். எதற்குத் திருப்பினார்? கவுஸ் பாஷாவின் தோள் ஏன் அப்படிச் சாய்கிறது? சின்னப்பன் எதற்குச் சிரிக்கிறான்?

துண்டு உருவப்பட்டது. "ஆறு படி!"

தேவசகாயம் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினான். ஏழு வந்திருக்கும், சின்னப்பன் விட்டுவிட்டான், என்று பக்கத்து வண்டிக்காரனிடம் சொன்னான்.